மார்கழியில் அனுப்பாத சரக்கு

இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். அப்போது வெளிநாட்டுக்காரன் நம் ஊர்த் துணியை இஷ்டத்துக்கு உள்ளே விடமாட்டான். வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று கோட்டா வைத்திருந்தான். ஜனவரி பிறந்ததும் எந்தக் கம்பெனியின் சரக்கு முந்துகிறதோ அதற்கு இடம். கோட்டா நிரம்பிவிட்டால் கதவை அடைத்துவிடுவான். மறைமலைநகர் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நானும் அக்காவும் வேலை பார்த்தபோதுதான் இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. அக்கா டெய்லர், நான் செக்கிங்.

அம்மா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வயலில் நடவு நட்டவள். தான் மட்டும் அந்தச் சேற்றில் கால் வைக்கக்கூடாது என்று அக்காவுக்கு ஒரே வெறி. அந்த வருஷம் குழந்தைகள் கவுனுக்கு ஓர் ஆர்டர் வந்தது. அது நல்லபடியாகக் கப்பல் ஏறினால் அவள் லைனில் இருப்பவர்களை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். சோறு தண்ணி மறந்து தைத்தார்கள். டிசம்பர் முடிவதற்குள் பெட்டிகள் தயார்.

முதலாளி அனுப்பவில்லை. வருஷத்தின் முதல் சரக்கை மார்கழியில் வாசல் தாண்ட விடுவதா என்று அவருக்குத் தயக்கம். தை பிறக்கட்டும் என்றார். சீமைக்காரனுக்கு ஏது மார்கழி? இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொங்கல் கழிந்து, லாரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கித் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். கோட்டா தீர்ந்துவிட்டது என்று அந்த லாரி பொட்டு அழியாமல் திரும்பி வந்தது.

பின்னாளில் ஒருமுறை சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போனேன். முந்நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கரையிலிருந்து துணி கப்பல் ஏறியதையும், தன் நெசவாளியைக் காப்பாற்ற வெள்ளைக்காரன் தன் நாட்டில் அதற்குத் தடை போட்டதையும் யாரோ விளக்கிக்கொண்டிருந்தார். கேட்கப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

திரும்பிய கவுன்களை உள்ளூரில் விற்பதற்கு வெளிநாட்டு லேபிளை எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு அக்காவின் லைனையே உட்காரவைத்தார்கள். தான் தைத்ததைத் தானே பிளேடால் பிரித்தாள்.

“தெக்க ஆள் வேணாமாம், பிரிக்க வேணுமாம். இன்னா பொழப்புடி இது,” என்றாள்.

“மேனேஜராண்ட கேட்டியாக்கா?”

“கேட்டேன். ஆர்டர் வந்தா சொல்லி அனுப்பறேன்றாரு.”

கடைசிப் பெட்டி முடிந்த அன்றே அந்த லைனை மூடிவிட்டார்கள். செக்கிங்குக்கு ஆள் தேவைப்பட்டதால் நான் தப்பித்தேன்.

மறுநாள் காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றேன். எதிர்ப்பக்கம் அம்மா நவரைப் பட்டத்து நெல் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அக்காவும் போனாள்.