வீரபாகு மதர்போட் வாங்கிய படலம்

“சென்றிப் பொயின்ற் எண்டு ஒண்டு இந்த நாட்டில முளைச்ச நாள் தொட்டு, என்ர கையில இருந்து ஒரு சாமானை ஒருத்தன் எடுத்தது கிடையாது. எடுக்கிறவன் இனித்தான் பிறக்க வேணும்.”

வீரபாகு இதை முழங்கியது ஒரு கலியாணப் பந்தலில், இரண்டாவது தரம் பாயாசம் வாங்கியபடி. யாரும் மறுக்கவில்லை. அது உண்மை. மாங்குளத்தில் ரேடியோ திருத்திய காலத்தில், வன்னிக்குள் பற்றறி கொண்டுபோக ஆமி தடை போட்டு, சனம் அந்தச் சொல்லையே மெதுவாகச் சொன்ன நாட்களில், பாண் ரொட்டியைக் குடைந்து உள்ளே பென்ரோச் பற்றறிகளை அடுக்கி, சோதிக்கிறவன் முன்னாலேயே பாணில் ஒரு கடி கடித்துக்கொண்டு சென்றி தாண்டியவர் அவர். எந்தப் பக்கத்தைக் கடிப்பது என்பதில்தான் அந்தக் கலையின் உயிர் இருந்தது.

அந்த வீரயுகம் முடிந்து, இரண்டாயிரமாம் ஆண்டில் அவர் வவுனியா நெளுக்குளத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டில் சும்மா இருந்தார். கரண்ட் உள்ள ஊரில் சனம் பழுதான ரேடியோவை எறிந்துவிட்டுப் புதிது வாங்கியது. வீரபாகுவுக்கு இது ஒழுக்கக்கேடாகவே பட்டது. ஒழுக்கக்கேட்டை எதிர்த்து எத்தனை நாள்தான் வெறும் வயிற்றோடு இருப்பது?

அப்போதுதான் கொம்பியூட்டர் யோசனை வந்தது. கலியாணக் காட், பயணப் பாஸ் விண்ணப்பம், மரண அறிவித்தல் இவற்றுக்கு வவுனியாவில் ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை. வீட்டில் ஒரு கொம்பியூட்டர் இருந்தால் அடித்துக் கொடுத்தே பிழைத்துக்கொள்ளலாம். பூட்டியதாக வாங்கக் கட்டாது. உதிரியாக வாங்கித் தானே பூட்டுவதென்று தீர்மானித்தார். மனைவி சிவலட்சுமியின் தையல் மெசின் விலைப்பட்டது. இடம்பெயர்ந்த ஊரெல்லாம் குடும்பத்துக்குச் சோறு போட்ட மெசின் அது. அன்று சிவலட்சுமி சட்டி பானை கழுவிய சத்தம் அடுத்த வளவுவரை கேட்டது.

பெட்டி, மொனிட்டர், புறொசசர் எல்லாம் வந்து அறையின் பாதியைப் பிடித்துக்கொண்டன. எல்லாவற்றையும் ஒன்றாய்க் கோர்க்கிற மதர்போட் மட்டும் பாக்கி. வீட்டில் விற்க இனி ஒன்றும் இல்லை. ஆகவே இந்த முறை மிச்சக் காசை முடிந்துகொண்டு சிவலட்சுமியும் சைக்கிள் கரியரில் ஏறிக் கடைக்கு வந்தார்.

கடைக்காரக் கனகலிங்கம் மேசையில் மூன்று போட்டை வைத்தார். வீரபாகு, மலிவானதை மணந்தே கண்டுபிடித்துக் கையில் எடுத்தார்.

“அண்ணை, அது பழைய சாமான். நீட்டுப் புறொசசர் செருகிறது. உங்களிட்டை இருக்கிறது சதுரம்.”

“கொஞ்சம் அராவினால் இறங்காதோ?”

கனகலிங்கம் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். “அண்ணை!”

“தம்பி, உவர் மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின ஆள்,” என்றார் சிவலட்சுமி. “அரத்தைக் கண்ணில காட்டாதேங்கோ.”

இரண்டாவது போட் நல்ல சாமான். ஆனால் படத்துக்கு ஒரு கார்ட், சத்தத்துக்கு ஒரு கார்ட் என்று தனித்தனியே வாங்க வேண்டும். வீரபாகு அதை மரியாதையோடு தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

“இது மூண்டாவது. படம், சத்தம் எல்லாம் இதிலயே ஒட்டிக் கிடக்கு. வேறை ஒண்டும் வேண்டத் தேவையில்லை. ஒண்டு பழுதானால் என்ன செய்யிறது எண்டு மட்டும் கேளாதேங்கோ.”

“ஒண்டு பழுதானால் என்ன செய்யிறது?”

“முழுசா மாத்திறதுதான்.”

வீரபாகு நாடியைத் தடவி யோசனையில் இறங்கினார். அந்த யோசனை மத்தியானம் தாண்டும் போலிருந்தது.

“இதை எடுங்கோ,” என்றார் சிவலட்சுமி. “எங்கட வீடும் உப்பிடித்தானே. குசினி, படுக்கை, சாமி எல்லாம் ஒரே அறைக்குள்ள. பழகின சாமான்தான்.”

கனகலிங்கம் போட்டின் மூலையில் சல்லிக்காசு போல மினுங்கிய வட்டத்தைக் காட்டினார். “இந்தப் பற்றறியை மட்டும் கழட்டிப்போடாதேங்கோ அண்ணை. இது இல்லாட்டால் போடுற நேரமெல்லாம் நாள் தேதி மறந்துபோய்க் கேள்வி கேட்டுக்கொண்டு நிக்கும். என்னட்டை வேறை இல்லை. கொழும்பில இருந்துதான் வரவேணும்.”

“எனக்கோ பற்றறி படிப்பிக்கிறீர்?” என்று சிரித்தார் வீரபாகு.

வீடு திரும்பும் வழியில் சென்றி, ஆமியின் சோதனைச் சாவடி. வெயிலில் சனம் வரிசையாய் நின்றது. ஊர்ந்து ஊர்ந்து முன்னால் வந்தபோது அவருக்கு முழங்கால் கடுத்தது. பத்து வருடமாக நின்ற வரிசைகள் எல்லாம் அந்த முழங்காலில்தான் தங்கியிருந்தன. முறை வந்ததும் சிவலட்சுமி கடதாசியைப் பிரித்து மடியில் வைத்திருந்த போட்டைக் காட்டினார்.

“மே மொக்கத?” என்று சிங்களத்தில் கேட்டான் இளம் சிப்பாய். இது என்னவாம்.

மதர் என்ற சொல்லுக்கு இரு மொழிக்கும் பொதுவான சொல் ஒன்று இருப்பது வீரபாகுவுக்குச் சட்டென்று தோன்றியது. “அம்மா, சேர். கொம்பியூட்டர் அம்மா.”

சிப்பாய் போட்டைப் பார்த்தான். சிவலட்சுமியைப் பார்த்தான். சிரித்துவிட்டான். “ஹரி, ஹரி. யன்ன,” என்று கையைக் காட்டினான். போகச் சொல்லியாயிற்று. நெளுக்குளத்துக்குப் பற்றறி கொண்டுபோகத் தடை ஒன்றும் இல்லை. அது வீரபாகுவுக்கும் தெரியும்.

சிவலட்சுமி கடதாசியைச் சுற்றத் தொடங்கினார். வீரபாகுவின் கண் மூலையில் மினுங்கிய வட்டத்தில் விழுந்தது. அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. கை தானாகப் போயிற்று. பெருவிரல் நகத்தால் மெல்ல நெம்பி, வட்டத்தை எடுத்து, மண்மூட்டையின் மேல் பக்குவமாக வைத்தார்.

“பற்றறி, சேர்.”

சிப்பாய் அதைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தான். ஒன்றும் விளங்காமல், பரிசு என்று நினைத்தானோ என்னவோ, தலையை ஆட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

கொஞ்சத் தூரம் இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார்கள்.

“அவன் கேட்டவனே?” என்றார் சிவலட்சுமி.

“இல்லை,” என்றார் வீரபாகு.