எழுதிக் கேட்காத துக்கம்

என் வீட்டுக்காரர் வீட்டில் பேசுகிற ஆள் இல்லை. சிங்காநல்லூரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். சாயந்திரம் வந்து தட்டில் எதை வைத்தாலும் சாப்பிடுவார். உப்பு குறைந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். அப்படிப்பட்டவர் போனில் தத்துவம் பேசுகிறார் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அது பல தேசத்து ஆட்கள் இருக்கும் ஒரு குழு. யார் எந்த பாஷையில் எழுதினாலும் போனே அவரவர் பாஷைக்கு மாற்றிக் கொடுத்துவிடும். இவர் அதில் போட்ட முதல் கேள்வி, பட்டறைக்கு வரும் தோட்டக்காரர்கள் அன்றாடம் அடித்துக்கொள்கிற விஷயம். பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஆழமாகப் போர்க்கிணறு போட்டு, அதனால் என் போர் வற்றிப்போனால் அது திருட்டா? இதற்குச் சிலியிலிருந்து ஒரு வாத்தியார் ஊர்த் தண்ணீரை உறிஞ்சும் சுரங்கக் கம்பெனிகளைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதினார். கென்யாவில் ஆடு வளர்க்கும் ஒரு பெண், தூரத்திலிருந்து நடந்து வந்தவருக்குத்தான் முதல் குடம் என்றாள். போர்ச்சுகலில் பஸ் ஓட்டி ரிட்டையரான ஒருவர், "தண்ணீர் யாருடையது என்பது இருக்கட்டும், தாகம் யாருடையது?" என்று கேட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இவருக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போய்விட்டது.

இரண்டு வருஷத்துக்கு மேல் பேசினார்கள். என்னிடம் பேசாத பேச்சையெல்லாம் முகம் தெரியாத ஒருவரிடம் பேசுகிறாரே என்று எனக்கு வயிற்றெரிச்சல். ஆனால் அந்தப் போர்ச்சுகல்காரர் வீட்டு அம்மாவும் என்னைப் போலத்தானாம். "ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறாய், நான் கேட்டதற்கு மட்டும் சொல்வதில்லை" என்று புருஷனைத் திட்டுவாளாம். இவர் வாசித்துக் காட்டினார். அதிலிருந்து அவள் எனக்கு வேண்டியவளாகிவிட்டாள்.

போன வருஷம் ஒருநாள் காலையில், மனைவி இறந்துவிட்டதாக அவர் குழுவில் எழுதியிருந்தார். ஆறுதல் மளமளவென்று வந்து விழுந்தது. கென்யாக்காரி எழுதினாள், சிலி வாத்தியார் எழுதினார், யார் யாரோ எழுதினார்கள். இவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"ரெண்டு வார்த்த எழுதுங்க" என்றேன்.

"துக்கத்த எழுதிக் கேக்கறதா அம்மணி? நேர்ல போவோணும்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. துக்க வீட்டுக்கு நேரில் போய், பேசாமல் கையைத் தொட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வர வேண்டும். போனில் கேட்டால் மதிப்பில்லை. போய்வரும்வரை வேறு பேச்சும் பேசுவதற்கில்லை. பவானியில் இவருடைய பெரியப்பா மகன் கொரோனா சமயத்தில் தவறியபோது போக முடியவில்லை. ரோடு திறந்ததும் முதல் வேலையாகப் போய்க் கை தொட்டுவிட்டு வந்தார். அதுவரை அந்த வீட்டோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எப்படியும் வருவார் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெற்கே வால்பாறையைத் தாண்டிப் போகாத மனுஷன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். விசாரிக்க வந்த போலீஸ்காரர், "எதுக்குங்க வெளிநாடு?" என்று கேட்டதற்கு, "ஒரு துக்கம் கேக்கப் போவோணுங்க" என்றார். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் விலாசம் கேட்பேன், முன்னாலேயே கேட்டால் வெறும் வாய்ப்பேச்சாகிவிடும் என்று இவர் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது. நானும் இந்த ஊர்க்காரிதானே.

பாஸ்போர்ட் வருவதற்குள் போர்ச்சுகல்காரர் குழுவில் எழுதிவிட்டார். "எனக்குத் தெரியாதவர்கள்கூட என்னோடு அழுதார்கள். தாகத்தைப் பற்றி இத்தனை காலம் என்னோடு பேசிய நண்பர் ஒரு வரி எழுதவில்லை. நான் காத்திருந்தது அவருக்காகத்தான்." அதோடு குழுவை விட்டும் போய்விட்டார். அவருடைய நம்பரோ விலாசமோ அங்கே யாரிடமும் இல்லை.

அதன் பிறகுதான் இவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினார். ஏன் பேசவில்லை, கை தொடுவது என்றால் என்ன, பவானிக்குப் போனது, பாஸ்போர்ட்டுக்கு எழுதியது, எல்லாம். எத்தனையோ எழுதியவர், இதை எழுதும்போது மட்டும் அழுதார். நான் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்தக் குழுவிலேயே அதற்கு வந்த கூட்டம் வேறெதற்கும் வந்ததில்லை. கானாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தங்கள் ஊரில் துக்கம் கேட்கும் முறையைச் சொன்னார்கள். சொல் பெரிதா, போய் நிற்பது பெரிதா என்று வாரக்கணக்கில் வாதம் நடந்தது. நாத்திகரும் சாமியாரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டார்கள். உலகமே ஒரு குடும்பமாகிவிட்டது என்று ஒருவர் எழுதினார். எனக்கு எரிச்சலாக வந்தது. சாவுச் சேதி வந்த அன்று காலையிலேயே போனைப் பிடுங்கி, அந்த அம்மாவுக்காக நானாவது இரண்டு வார்த்தை தட்டியிருக்கலாம் என்ற நினைப்பு இப்போதும் விட்டபாடில்லை.

பதில்களில் ஒன்றையும் இவர் படிக்கவில்லை. "இத்தன பேரு எழுதறாங்களே, பாக்கலாமுங்கல்ல?" என்று நான்தான் போனை நீட்டினேன்.

கையில் வாங்காமலே சொன்னார்: "எல்லாரும் வந்துட்டாங்க அம்மணி. எழவு ஊட்டுக்காரருதான் இல்ல."