வெயிலில் பாதி வெந்த கேக்

என் அப்பா ராணுவத்தில் மின்சாரப் பிரிவில் சுபேதாராக இருந்தார். அடையாற்றங்கரையை ஒட்டிய முகாமுக்குள்தான் எங்கள் குவார்ட்டர்ஸ். தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, முகாமின் மின்சாரச் செலவைக் குறைக்கும் பொறுப்பை அப்பாவிடம் ஒப்படைத்தார்கள். அன்றோடு எங்கள் வீட்டில் ஃபேனுக்குக் கீழே நிம்மதியாக உட்காரும் வழக்கம் ஒழிந்தது. ஒருமுறை ஆழ்வார்பேட்டையிலிருந்து வந்திருந்த பெரியம்மா, காபிக்குச் சர்க்கரை எடுக்கச் சமையலறைக்குப் போனார். திரும்பி வருவதற்குள் ஃபேன் நின்றிருந்தது.

"கரண்டு போயிடுச்சா?" என்று கேட்டார் பெரியம்மா.

"இல்ல, நீங்கதான் போனீங்க" என்றார் அப்பா.

அப்பாவின் பெரிய ஆசை வேறு. ஜவான்களின் மெஸ் மொட்டைமாடியில், வெயிலிலேயே தண்ணீரைச் சூடாக்கும் தகடுகளைப் பதிக்க வேண்டும் என்று அவர் எழுதி அனுப்பியிருந்தார். "மெட்ராஸ்ல இவ்ளோ வெயில வெச்சிக்கிட்டு, கரண்டுல போய் தண்ணி காய வைக்கிறோமே" என்று சாப்பிடும்போதுகூடப் புலம்புவார். முகாமில் யாருக்கும் அதில் நம்பிக்கையில்லை. அந்தச் சமயத்தில்தான் டில்லியிலிருந்து ஒரு பிரிகேடியர் பார்வையிட வரப்போவதாகத் தகவல் வந்தது. அவர் சம்மதித்தால் காரியம் நடந்துவிடும். வெயிலின் சக்தியை அவர் கண்ணுக்கு நேராகக் காட்டிவிட வேண்டும் என்று முடிவுசெய்து, அப்பா ஒரு சூரிய அடுப்பை வாங்கிவந்தார்.

பார்க்க அது சூட்கேஸ் மாதிரி இருந்தது. உள்ளே கறுப்பு வண்ணம், அதன்மேல் கண்ணாடி மூடி. சூட்கேஸைத் திறந்தால் மேல்பாகத்தின் உட்புறத்தில் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி ஒன்று. அது வெயிலைப் பிடித்துப் பெட்டிக்குள் தள்ளும்.

என்ன சமைத்துக் காட்டுவது என்பதில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. அம்மா சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். கிறிஸ்துமஸுக்கு அவர் செய்யும் கேக்குக்கு முகாம் முழுக்கப் பெயர் உண்டு. "சோறு வெந்தா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. கேக் வெந்தா வாயப் பொளப்பாங்க" என்றார் அம்மா. நான்கு முறை ஒத்திகை பார்த்தார். முதல் மூன்றும் சரியாக வரவில்லை. அவற்றைத் தின்று தீர்த்தவள் நான் என்பதால் எனக்கு வருத்தமொன்றும் இல்லை. நான்காவது, பொன்னிறத்தில் பஞ்சு போல எழும்பி வந்தது.

அந்த நாளும் வந்தது. காலையிலேயே நல்ல வெயில். மெஸ்ஸுக்குப் பக்கத்துத் திடலில் பெட்டியை வைத்து, கேக் மாவை உள்ளே இறக்கினார்கள். அப்பா அதிகாரிகளை வரவேற்கப் போக வேண்டும், அம்மா புடவை மாற்ற வேண்டும். எனவே காவல் பொறுப்பு எனக்கு வந்தது.

"மூடியத் தொறக்கவே கூடாது. கண்ணாடி சூரியனப் பாத்துக்கிட்டே இருக்கணும். புரிஞ்சுதா?" என்றார் அப்பா.

"புரிஞ்சுதுப்பா."

மூடியை நான் திறக்கவில்லை. அது சத்தியம். கண்ணாடியைத்தான் லேசாக அசைத்துப் பார்த்தேன். எதிரே மெஸ் சுவரில் ஒரு வெளிச்சத் துண்டு குதித்தது. அதை வேப்பமரத்துக்கு ஓட்டினேன். மரத்திலிருந்த காக்கை பறந்தது. பெட்டியை இன்னும் கொஞ்சம் திருப்பினால் காவல் கோபுரம்கூட எட்டிவிடும் போலிருந்தது. எட்டியது. மேலே நின்றிருந்த காவலாள் அண்ணனின் முகத்தில் போய் விழுந்தது. அவர் நொச்சிக்குப்பத்துக்காரர், எங்களுக்கெல்லாம் சிநேகிதர்.

"இன்னா பாப்பா பண்ணிகினு கீற? கண்ணு கூசுது!" என்று கத்தினார்.

கத்தினாலும் சிரித்தார். தூணுக்குப் பின்னால் ஒளிந்தார். நான் பெட்டியை நகர்த்தித் தேடிப் பிடித்தேன். அவர் இந்தப் பக்கம் வந்தால் வெளிச்சமும் வந்தது. எவ்வளவு நேரம் விளையாடினோம் என்று தெரியாது. திடீரென்று அவர் விறைப்பாக நின்று, தலையைத் திருப்பாமலே, "பாப்பா, ஜீப்பு வர்து!" என்றார். அவசரமாகப் பெட்டியைச் சூரியன் பக்கம் திருப்பினேன்.

பிரிகேடியர் நெடிய மனிதர், வெள்ளை மீசை. பின்னால் அதிகாரிகள். ஓரமாக அம்மா, பட்டுப்புடவையில். அப்பா சல்யூட் அடித்துவிட்டு மூடியைத் திறந்தார். கேக்கின் ஓரமெல்லாம் பொன்னிறம். நடுவில் மட்டும் மஞ்சள் மாவு தளதளவென்று ஆடியது.

பின்னால் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். அப்பா கேக்கைப் பார்த்தார். பெட்டி இழுபட்டு மண்ணில் விழுந்திருந்த கோடுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிரிகேடியரிடம் திரும்பி, காற்று பலமாக அடித்ததில் கண்ணாடி திரும்பிவிட்டது என்றும், அதை இறுக்கிக் கட்டி வைக்காதது தன் தவறு என்றும் இந்தியில் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அப்பாவுக்கு உதவ வேண்டுமென்று முன்னால் ஓடி, முகாம் பள்ளியில் கற்ற இந்தியில் சத்தமாகச் சொன்னேன்: "காற்றே இல்லை சார். நான்தான் திருப்பினேன். வெளிச்சம் கோபுரம் வரைக்கும் போனது!"

பிரிகேடியர் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். அங்கே நொச்சிக்குப்பத்து அண்ணன் சிலையாக நின்றிருந்தார். பிரிகேடியரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொப்பை குலுங்கச் சிரித்தார். ஓரத்திலிருந்து ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். இன்னொன்றும் போட்டார். "கவனிக்காமல் விட்டும் இவ்வளவு வெந்திருக்கிறதே, சுபேதார் சாப்! எங்கே உங்கள் காகிதம்?" என்றார். அடுத்த மழைக்காலத்துக்குள் மெஸ் மாடியில் தகடுகள் ஏறிவிட்டன.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா திட்டவே இல்லை. எனக்கு அவரைப் பற்றித்தான் கவலையாக இருந்தது.

"ஏம்ப்பா, காத்தே அடிக்கலையே. உங்களுக்கு மட்டும் எப்படி அடிச்சுது?"

அம்மா சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

"என்னமோ தெரியலம்மா, அடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார் அப்பா.

மீட்டரில் அரை யூனிட்டைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதாத மனிதர் அவர். வேப்பமரத்தில் இலை அசையாததுகூட அவருக்குத் தெரியவில்லையே, வயதாகிறது, பார்வை மங்குகிறது போலும் என்று நினைத்து, அன்றைய ஜெபத்தில் அப்பாவின் கண்களுக்காக உருக்கமாக வேண்டிக்கொண்டேன்.