என் வீடுகளில் சாகாத குழந்தைகள்

அவளை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சார் நான் நிரப்பின கேள்விப் பாரத்தைப் பார்த்துவிட்டு "ம்" என்றார், அவள் பாரத்தைப் பார்த்துவிட்டு "நன்னாயிட்டுண்டு" என்றார். ஒரு மனுஷியைப் பிடிக்காமல் போக இது போதுமா என்று கேட்டால், எனக்குப் போதுமாக இருந்தது.

எழுபதுகளில் நடந்தது இது. சார் திருவனந்தபுரத்திலிருந்து வந்த புள்ளியியல்காரர். பாலக்காட்டு எல்லையில், கோவிந்தாபுரத்துக்கும் கோபாலபுரத்துக்கும் இடையில் இருக்கும் ஊர்களில், ஐந்து வயது தாண்டுமுன் குழந்தைகள் ஏன் சாகின்றன என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வந்திருந்தார். அரிசி மில்லுக்கு மேலே ஒரு அறை வாடகைக்கு எடுத்து, வீடு வீடாகப் போய்க் கேட்க எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டார். தாயின் வயது, கல்யாணமாகி எத்தனை வருஷம், தண்ணீர் எங்கிருந்து, சொந்த நிலமா கூலியா, பிரசவம் வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, குழந்தைக்கு வயிற்றால் போனால் கஞ்சியை நிறுத்துவார்களா கொடுப்பார்களா, பெற்றது எத்தனை, இருப்பது எத்தனை. இத்தனையும் அட்டைகளில் துளைகளாகி எங்கோ ஒரு பெரிய ஊருக்குப் போகும். அங்கே உள்ள இயந்திரம், கிணறு தூரமாக இருப்பதால் இவ்வளவு, தாய்க்குப் படிப்பில்லாததால் இவ்வளவு என்று ஒவ்வொரு காரணத்தின் பங்கையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும் என்றார் சார். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவமுங்க, அதுதானுங்களே சார்?" என்றேன். அவர் சிரித்துவிட்டு அதை நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

நான் உள்ளூர்க்காரி. தை மாதம் கல்யாணம், மாசியில் வேலை. கழுத்தில் மஞ்சள் வெளுக்காத தாலிச் சரடு, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல், தலையில் தினம் பூ. மாமனாருக்குத் தென்னந்தோப்பும் கடலைக் காடும் இருந்தன. மருமகள் சம்பாதித்து ஆக வேண்டியது ஒன்றுமில்லை, ஆனால் 'சர்க்கார் வேலை' என்று நினைத்து அனுப்பி வைத்தார். சர்வே முடிந்ததும் எங்களில் ஒருத்தியைப் பாலக்காட்டு ஆபீசில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சார் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரரும் தெளிவாகச் சொல்லிவிட்டார். "நெரந்தரமாக் கெடச்சாப் போ. இல்லீன்னா இதோட உட்டுட்டு ஊட்டப் பாரு."

வீட்டைப் பார்ப்பதென்றால், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து காலம் பூராவும் கடலை உரிப்பது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள் நான். எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவு வேண்டும்.

அவள் உடும்பஞ்சோலைக்காரி. ஏலக்காய்த் தோட்டத்துக் குடும்பம், பூர்வீகம் மதுரைப் பக்கம். புருஷனுக்குப் பொள்ளாச்சி ரோட்டில் ஏதோ கிட்டங்கியில் வேலை கிடைத்து மலையிறங்கி வந்தவள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். பூ வைக்க மாட்டாள். என்னை வாய் நிறைய 'தங்கச்சி' என்பாள். எனக்குத்தான் பதிலுக்கு 'அக்கா' வராது. 'ஏனுங்க' என்று பொதுவாகக் கூப்பிட்டு ஒப்பேற்றிவிடுவேன்.

எங்கள் ஊர்ப் பெண்கள் அவளிடம் பேசிய பேச்சுதான் எனக்கு ஆற்றவே ஆற்றாது. அவள் பேச்சைக் கேட்டால் சிரிக்கவேண்டிய ஊர் இது. 'வந்தாக, சொன்னாக' என்று அவள் ஆரம்பித்தால், நியாயமாக இவர்கள் கிண்டல் செய்திருக்க வேண்டும். ஆனால் நான் அரை மணியில் முடித்து வெளியே வரும் மாதிரியான வீட்டில், அவள் இரண்டு மணி நேரம் இருப்பாள். காப்பி குடிப்பாள். வரும்போது கையில் முருங்கைக் காயோ கீரையோ இருக்கும். எனக்கு வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, துண்டால் தூசி தட்டி உட்கார வைத்து, "சொல்லுங்க அம்மிணி" என்று நின்றுகொண்டே பதில் சொல்வார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடுகளைச் சார் பிரித்துக் கொடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் வீடுகளுக்கு எண் போட்டு, சீட்டுக் குலுக்குவது மாதிரி பாதி எனக்கு, பாதி அவளுக்கு. நல்ல வீடு கெட்ட வீடு என்று யாரும் பொறுக்க முடியாது. ஒரே தண்ணீர், ஒரே கூலி, ஒரே காய்ச்சல். ஒரே பானைச் சோற்றை இரண்டு தட்டில் போட்டதுபோல. ருசி மாறினால் தட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வைகாசியில் இயந்திரம் சொன்னது வந்தது. ஓரமெல்லாம் துளை போட்ட அகலக் காகிதம், மடிப்பு மடிப்பாக. சார் அதை மேஜையில் விரித்து ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டு, கட்டம் போட்ட தாளில் இரண்டு கோடு இழுத்துக் காட்டினார். செத்த குழந்தைகள். என் வீடுகளின் கோடு விரற்கடை இருந்தது, அவளுடையது ஒரு சாண்.

"கிணறு, படிப்பு, வயசு எல்லாம் கணக்கில் சேர்த்தாச்சு. பின்னேயும் இந்த வித்தியாசம் போகலை. காரணம் வீட்டில் இல்லை, உங்க ரெண்டு பேரில் யாரோ ஒராளிடம் உண்டு" என்றார்.

அவள் இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏனென்றால் என்னிடம் ஒரு விஷயம் இருந்தது, அதை ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவள் வீடுகளுக்குள் பாரத்தை எடுக்கவே மாட்டாள். எல்லாம் முடிந்து பஸ் நிற்கும் இடத்தில் புளியமரத்தடியில் உட்கார்ந்து மடமடவென்று நிரப்புவாள். இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை கேட்டதற்கு, "பேப்பரக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டா போலீஸ்காரவுக வந்த மாதிரில்ல இருக்கும் தங்கச்சி" என்று சிரித்தாள்.

அவள் போனபிறகு சாரிடம் சொன்னேன். "நாஞ் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க சார். அவிய ஊட்டுக்குள்ள எழுதறதே இல்லீங்க. மரத்தடியில உக்காந்து, தோணுனதை எழுதறாங்க." 'தோணுனதை' என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. சேர்க்கும்போதே தெரியும். கூசவில்லை.

சார் அவளைத் திட்டவுமில்லை, என்னைத் தட்டிக்கொடுக்கவுமில்லை. என் வீடுகளில் சிலவற்றுக்கு அவளும், அவள் வீடுகளில் சிலவற்றுக்கு நானும் மறுபடி போக வேண்டும், முதலில் இரண்டு பேரும் சேர்ந்து போங்கள் என்றார். எனக்கு ஏகக் குஷி. என் வீட்டில் வைத்தே அவள் குட்டு உடையப் போகிறது. அன்றைக்கு இரட்டைச் சரமாகப் பூ வைத்துக்கொண்டு போனேன்.

முதல் வீடு, களத்துமேட்டை ஒட்டி ஒரு கூலிக்காரப் பெண்ணுடையது. என் பாரத்தில் அவளுக்குப் பெற்றது இரண்டு, இருப்பது இரண்டு. என்னைப் பார்த்ததும் வழக்கம்போலக் கட்டிலைப் போட்டாள். உடும்பஞ்சோலைக்காரி கட்டிலில் உட்காரவில்லை. வீட்டுக்குள் போய் அடுப்புப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அங்கே கிடந்த அவரைக்காயை எடுத்து நாரெடுக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் எழுந்து நிலைப்படிக்குப் போனேன். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள்.

"ஏனுங்க அம்மிணி, வெயில்ல வந்திருக்கறீங்க. அக்கட்டாலத் தோப்புல எங்கூட்டுக்காரர் எளநி வெட்டறாருங்க, போயிக் குடிச்சுட்டு வாங்க."

போவதுபோல் போய், பக்கத்துச் சுவரோரம் நின்றேன். வெட்கமில்லாத வேலைதான். மண்சுவர், மேலே ஓலை, உள்ளே பேசுவது அப்படியே கேட்டது.

உடும்பஞ்சோலைக்காரி கேள்வி எதுவும் கேட்கவில்லை. தன் கதையைச் சொன்னாள். மலையில், மழைக்காலத்தில், தோட்டத் தொழிலாளர் லயத்தில் தனக்குப் பிறந்த பெண் குழந்தையைப் பற்றி. பதினொரு மாதம். இரண்டு நாள் வயிற்றால் போனது. கஞ்சி கொடுக்காதே என்று எல்லோரும் சொன்னதால் கொடுக்கவில்லை. "பசிக்குதுன்னு அழுதுச்சு, குடுக்காம வச்சிருந்தேன்" என்றாள். அவரைக்காய் ஒடிகிற சத்தம் கேட்டது.

பிறகு அந்தக் கூலிக்காரப் பெண் பேசினாள். அவள் பெற்றது நான்கு. முதலாவது ஒன்பதாம் நாள். மூன்றாவது நடை பழகினபிறகு. அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாள், எந்த வேலியோரம் புதைத்தார்கள், எல்லாம் சொன்னாள். என் பாரத்தில் அந்தப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை.

நான் உள்ளே போனேன். போயிருக்கக் கூடாது. "அப்ப எங்கிட்ட ஏன் ரெண்டுன்னு சொன்னீங்க? பொய்தான?" என்று கத்தியேவிட்டேன்.

அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். கோபமே இல்லை. "புதுத் தாலியோட, பூவோட வந்து நின்னீங்க. உங்ககிட்டப் போயி அந்தப் பேச்செல்லாம் பேசலாமுங்களா அம்மிணி? உங்க மடிக்கு ஆகாதுங்களே" என்றாள்.

அத்தனை ஊரிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. வாசலில் கட்டிலைப் போட்டவர்கள், துண்டால் தூசி தட்டியவர்கள் எல்லோரும், இன்னும் பெறாத என் பிள்ளைக்காகத் தங்கள் பிள்ளைகளை மறைத்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாத வழக்கமில்லை. புதுப்பெண் எதிரே சாவுப் பேச்சு எடுத்தால் என் அம்மாவே வாயை மூடச் சொல்லுவாள். கணக்கில் முதலாவதாக வந்தவளுக்கு அதுதான் அன்றுவரை தோன்றவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை.

திரும்பி வரும்போது உடும்பஞ்சோலைக்காரி என்னைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நாமளே சார்கிட்டச் சொல்லிருவம் தங்கச்சி. நீ என்ன செய்வ, அவுக சொல்லலேன்னா" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம். நான் சாரிடம் மூட்டிவிட்டது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெற்றது எத்தனை, இருப்பது எத்தனை என்ற கேள்விக்குச் சார் என் பாரங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டார். பாலக்காட்டு வேலை அவளுக்குப் போனது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அழுதேன் என்றெல்லாம் எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். நடந்தது அதுவல்ல. கடலை உரிக்க உட்கார்ந்த முதல் வாரம் பூராவும் வயிறு எரிந்தது. அவள் கெட்டிக்காரியாக இருந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவளிடம் சொல்ல ஒரு செத்த குழந்தை இருந்தது, அதனால் கதவு திறந்தது, என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அதற்கும் பொறாமைப்பட்டேன். கையில் கடலையோடு, நல்ல பகலில், இதை நினைத்தவள் நான்தான்.

எனக்கு அடுத்த வருஷம் ஒரு பையன் பிறந்தான், நன்றாக இருந்தான். அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் பெண். அவள் ஏழு மாதம் இருந்தாள். கஞ்சி கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன், கொடுக்காதே என்றவர்களோடு சண்டை போட்டேன், பொள்ளாச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் வாடகைக் கார் வைத்துக்கொண்டு போனேன். இருந்தும் போய்விட்டாள். நான் நினைத்த அந்த நினைப்புக்குத்தான் இந்தத் தண்டனை என்று நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் கடலை மணம் வந்தால் அது ஞாபகம் வரும்.

பிறகு ஒரு நாள், எழுபதுகள் முடிவதற்குள், கையில் அட்டையும் பாரமுமாக ஒரு பெண் எங்கள் வாசலுக்கு வந்தாள். ஏதோ சுகாதார சர்வே. இருபது வயதிருக்கும். கழுத்தில் சரடு பளீரென்று மஞ்சளாக இருந்தது, வளையல் ஒன்றுகூட உடையவில்லை. கட்டிலைப் போட்டுத் தூசி தட்டி உட்கார வைத்தேன்.

"கொழந்தைங்க எத்தனைங்க?"

"ஒண்ணுங்க அம்மிணி. பையன்."

"பொறந்து எறந்தது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அந்தக் கட்டம் பாரத்தில் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு பூஜ்யம் விழுந்தால் இயந்திரத்தின் கோடு எவ்வளவு தாழும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணைப் பின்னால் யாராவது மேஜைக்கு முன் நிற்க வைத்துக் கேட்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். அவள் வயிற்றைப் பார்த்தேன். லேசாக மேடு தட்டியிருந்தது.

"இல்லீங்க" என்றேன்.

அவள் அழகாக ஒரு பூஜ்யம் போட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். போகிறவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தபோது, வீட்டுக்குள் பாரத்தையே எடுக்காத உடும்பஞ்சோலைக்காரிதான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தாள். அவள் வந்திருந்தால் கட்டிலில் உட்கார்ந்திருக்க மாட்டாள். நேரே அடுப்படிக்கு வந்து அவரைக்காயை எடுத்திருப்பாள். நான் 'அக்கா' என்று ஆரம்பித்து, ஏழு மாதத்தையும் ஒன்று விடாமல் சொல்லியிருப்பேன். என்னிடமிருந்துகூட அதை வாங்கியிருப்பாள் என்று நினைத்தபோது, பழையபடி பொறாமையாகத்தான் இருந்தது.