பாஸ் நம்பர் எழுதிய ஹெலிகாப்டர்

நான் எதற்கும் பயப்படுகிறவள். கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாண்டுவரை போய்த் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நடுங்கினேன் என்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அன்று என் வீட்டுக்காரரும் நடுங்கினார்.

அவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கல்யாணமான நாளிலிருந்து பெர்மனென்ட் ஆகிவிடும் ஆகிவிடும் என்று காத்திருந்து, அந்த வருடம்தான் வாய்ப்பு வந்திருந்தது. மெடிக்கல் முடிந்துவிட்டது. போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. அவர்மேல் ஒரு சின்னப் புகார்கூட வரக்கூடாது. அந்த மாதங்களில் நான் எதிர்வீட்டுக்காரியோடு குப்பைச் சண்டைகூடப் போடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அவருக்கு ஹெலிகாப்டர் பைத்தியம் பிடித்தது. முதலில் மெயின் பஜாரில் ஒரு சின்னது வாங்கி வந்தார். உள்ளங்கையில் அடங்கும். டிவி ரிமோட்டைப் போல ரிமோட்டை அதை நோக்கியே பிடிக்க வேண்டும். கூடத்துக்குள் சமர்த்தாகப் பறந்தது. வாசலுக்குக் கொண்டுபோய் வெயில் பட்டதும் சொல்பேச்சு கேட்காமல் விழுந்தது. எனக்கு அது போதும். அவருக்குப் போதவில்லை.

ஆன்லைனில் ஒரு பெரியதைப் பார்த்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வாதாடினார். ரேடியோவில் ஓடும், வெயில் ஒன்றும் செய்யாது, காற்றில் ஆடாமல் நிற்கும், வயிற்றில் கேமரா உண்டு. விலை கிட்டத்தட்ட ஒரு மிக்சி. மிக்சியாவது சட்னி அரைக்கும் என்றேன். சின்னதில் ஒரு இறக்கை உடைந்தால் முழுசையும் தூக்கிப் போட வேண்டியதுதான், பெரியதற்கு இறக்கை, கியர், பேட்டரி எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும், யோசித்துப் பார்த்தால் அதுதான் மலிவு என்றார். அவ்வளவு நேரம் சார்ஜ் போட்டும் ஒருவேளைச் சாப்பாடு சாப்பிடும் நேரம்கூடப் பறக்காதே என்றேன். பறக்கிற வரைக்கும் எப்படிப் பறக்கிறது என்று பார் என்றார். எந்த மெஷினையும் அவர் குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. என்னுடைய ஓட்டை கிரைண்டரைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். ஆனால் கேமராவுக்கு மெமரி கார்டு தனி விலை என்றதும், அது வேண்டவே வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன்.

வந்ததும் முதல் வேலையாக அதன் வயிற்றில் சுரங்கத்து கேட்டில் காட்டும் தன்னுடைய பாஸின் நம்பரை எழுதினார். பெயின்ட் கனமாம், என் நெயில் பாலிஷை வாங்கிக்கொண்டார். சுரங்கத்து ஆட்களுக்கு இது கைப்பழக்கம். டிபன் கேரியர், குடை, ஹெல்மெட், சைக்கிள் எல்லாவற்றிலும் நம்பர் இருக்கும். நம்பர் இருந்தால் தொலைந்த பொருள் யார் மூலமாவது வீடு வந்து சேர்ந்துவிடும். அதில் தப்பு இருப்பதாக எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு பழக்கமும் சுரங்கத்திலிருந்து வந்ததுதான். புது மெஷின் வந்தால் முழு லோடில் ஓட்டிப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்வார்கள். ஞாயிறு சாயங்காலம் எங்கள் பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில், அக்கம்பக்கத்து ஆண்கள் சுற்றி நிற்க, அது எவ்வளவு தூரம்தான் போகும் என்று ஏற்றிப் பார்த்தார். மைதானத்தைத் தாண்டி ரோடு. ரோட்டைத் தாண்டிச் சுரங்கக் கம்பெனியின் மதில். ட்ரோன் பறக்கவிடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று மதிலில் போர்டு இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள்தான் நாங்கள். ட்ரோனுக்கு நாலு விசிறி, இது வெறும் பொம்மை என்று எல்லாரும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

நன்றாகத்தான் போனது. எல்லாரும் ஆகா என்றார்கள். அப்போது கடல்காற்று எழுந்தது. ஹெலிகாப்டர் மதில் பக்கமாக ஒதுங்கி, இறங்குகிற சூரியனுக்குள் போய் மறைந்தது. கண் கூசியது. அவர் ரிமோட்டை என்னென்னவோ திருகினார். சத்தமும் இல்லை, ஹெலிகாப்டரும் இல்லை. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

கேமரா வைத்த ஒன்று மதிலுக்குள் விழுந்திருக்கிறது, அதில் இவருடைய பாஸ் நம்பர் சிவப்பாக மின்னிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடக் காத்திருப்பும் அதோடு சேர்ந்து விழுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அவங்க கண்டுபுடிச்சிகினு வூட்டுக்கு வர்றதுக்குள்ள நாமளே போயி சொல்லிடலாங்க" என்றேன்.

"சொன்னா மாலையா போடுவாங்க?" என்றார். ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குக் கிளம்பினார். பொத்தானைப் போட அவர் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. நான் போட்டுவிட்டேன்.

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மறுபடி மைதானத்துக்குப் போனேன். ஓரத்திலிருந்த தூங்குமூஞ்சி மரத்தில் காக்கைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தால், கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது ஹெலிகாப்டர். மதில்வரை போகவே இல்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அவருக்குப் போன் போட்டேன். சமையல் மேடையில் மணி அடித்தது. சுரங்கத்துக்குள் போன் கூடாது என்பதால், கேட்டுக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம்.

எதிர்வீட்டுத் துறட்டியை வாங்கி அதை இறக்கினேன். கட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் போய்விட வேண்டும் என்று மிதித்தேன். பாதி வழியில்தான் உறைத்தது, காவல் இருக்கிற கேட்டுக்கு, கேமரா வைத்த ஹெலிகாப்டரைப் பையில் ஒளித்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்று. ஆனால் திரும்பிப் போகவும் மனம் வரவில்லை.

நான் போனபோது அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். செக்யூரிட்டி அதிகாரி, அந்தப் பொருள் இப்போது எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். என் கை ஆடிய ஆட்டத்தில் இறக்கை தானாகச் சுற்றியது. மரத்தில் இருந்தது சார் என்றேன்.

அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்தார். வயிற்றிலிருந்த நம்பரையும் இவருடைய பாஸையும் ஒப்பிட்டார். கார்டு போடும் துளையை நகத்தால் திறந்தார். காலி. அதற்கு மெமரி கார்டே வாங்கவில்லை என்று என் வீட்டுக்காரர் முனகினார். அதிகாரி அவரையே பார்த்தார்.

"எவ்வளவு தூரம் போகும் இது?"

என் வீட்டுக்காரர் ஹெலிகாப்டரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒன்னும் போவாதுங்க சார். பக்கத்து மரத்தையே தாண்டல. தண்ட மெஷினுங்க."

கூனிக் குறுகி அவர் நின்ற அந்த நிற்பில்தான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை பயம் அழவும் விடவில்லை. இனிமேல் பறக்கவிடக் கூடாது என்று கண்டித்து, அதைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் அதைப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டார்.

போலீஸ் விசாரணை வருகிறவரை, வாசலில் பைக் நின்றாலே ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்ப்பேன். வந்த போலீஸ்காரர் முகவரியைச் சரிபார்த்து, காபி குடித்துவிட்டுப் போனார். ஹெலிகாப்டர் என்ற பேச்சே எழவில்லை. பெர்மனென்ட் ஆர்டர் கையில் வந்த அன்று நானே பரணில் ஏறி அந்தப் பெட்டியை எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லா ஓடுன மெஷினு" என்றார்.