ரோமுக்கு எந்த மாதம் நல்லது?

விமான டிக்கெட் விற்கும் வேலையில் விலைக்கு முன்பே வருகிற கேள்வி, "எந்த மாதம் போனால் நல்லது?" என்பது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில வருடங்கள் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தமிழரின் பயண முகவர் கடையில் நான் கவுண்டரில் இருந்தேன். வருகிறவர்களில் கத்தோலிக்கர் அதிகம். ஆகவே ஊருக்குப் போகிற டிக்கெட்டுக்கு அடுத்தபடியாக நாங்கள் விற்றது ரோம். மே அல்லது ஒக்ரோபர் என்பதுதான் எல்லோருக்கும் என் பதில். வெயில் அளவாக இருக்கும், ஆறுதலாக நடந்து பார்க்கலாம். கவுண்டருக்குப் பின்னால் இருந்து பிழைத்தவர்களுக்குத் தெரியும்: சொல்வது நம்முடைய வேலை, கேட்பது அவர்களுடைய வேலை இல்லை.

கணக்காளரின் நவம்பர்

கிங்ஸ்பரியில் இருந்த ஒரு மலேசியத் தமிழர் போனில்தான் எல்லாம் பேசுவார். ஈப்போவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராகி இங்கேயே தங்கிவிட்டவர். கூட்டம் இருக்கக்கூடாது, டிக்கெட் மலிவாக வேண்டும், ஹோட்டல் நடுநகரத்தில் வேண்டும் என்றார். அப்படியானால் நவம்பர்தான் வரும், ஆனால் ரோமில் அது மழைக்காலம் என்றேன். "மழையை லண்டன்ல பாக்காததா?" என்று பதிவு செய்துவிட்டார். மனைவியிடம் அவர் மழையைப் பற்றிச் சொல்லவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

போன நாளிலிருந்து திரும்பிய நாள் வரை மழை. பழைய அரங்கத்தின் இடிபாடுகளுக்கு நடுவில் அந்த அம்மாவின் குடை காற்றில் பிய்ந்து போனதாம். திரும்பி வந்ததும் கணக்காளர் போன் அடித்தார். திட்டத்தான் போகிறார் என்று நான் குரலைத் தாழ்த்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்க சொன்ன மாதிரி எங்கேயும் வரிசையே இல்லை தம்பி, ஆனா வீட்டுக்காரம்மா இன்னும் எங்கிட்ட பேச ஆரம்பிக்கலை."

விசா தந்த மாதம்

பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்த ஒரு பொடியன் கலியாணம் முடித்து மனைவியை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டிருந்தான். அவனிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், அவளிடம் இலங்கைப் பாஸ்போர்ட். தேனிலவுக்கு ரோம் என்றார்கள். மே மாதம் சொன்னேன். அவளுடைய இத்தாலி விசாவுக்குத் தூதரகத்தில் சந்திப்பு நாள் கிடைப்பதற்குள் மே போனது, ஜூனும் போனது. விசா வந்தபோது ஜூலை முடியப் போகிறது.

போய் வந்து படங்களைக் காட்டினார்கள். எல்லாப் படத்திலும் அவள் சிரித்துக்கொண்டு நடுவெயிலில் நிற்கிறாள். அவன் மட்டும் ஏதோ ஒரு நிழலுக்குள் தண்ணீர்ப் போத்தலோடு இருக்கிறான். "வெயில் கடுமையோ?" என்று கேட்டேன். அவனைப் பேச விடாமல் அவளே சொன்னாள்: "யாழ்ப்பாணத்து வெயிலுக்குள்ள சைக்கிள் ஓடித் திரிஞ்சனான் அண்ணை, இவருக்குத்தான் லண்டன் பழகிப் போச்சு."

ஓகஸ்டில்தான் வேணும்

மரியதாஸ் அண்ணை மன்னார் ஆள். கிடங்கு ஒன்றில் வேலை செய்தவர், சீனி வருத்தம் என்கிற நீரிழிவால் ஒரு கண் போய், வேலையையும் விட்டிருந்தார். மனைவி திரேசா அக்கா முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை. ஒரு ஜூன் மாதம் இருவரும் கடைக்கு வந்தார்கள். ஓகஸ்டில் ரோமுக்குப் போக வேண்டுமாம்.

"அக்கா, ஓகஸ்டில அங்க கல்லெல்லாம் கொதிக்கும். அண்ணையோட உந்த வெயிலுக்குள்ள ஏலாது. ஒக்ரோபரில போங்கோ" என்றேன்.

அக்கா அவரைப் பார்த்தார். அதுவரை சுவரில் இருந்த விமானப் படத்துக்குக் கிட்டப் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "ஒக்ரோபர் வரும் தம்பி. மற்றக் கண் இருக்குமோ எண்டு டொக்டரும் சொல்லேலாது எண்டிட்டார்."

ஓகஸ்டுக்கே பதிவு செய்தேன். ஹோட்டலுக்கு நானே போன் எடுத்து அறையில் ஏசி வேலை செய்கிறதா என்று கேட்டேன். அவர்கள் போயிருந்த நாட்களில் கம்ப்யூட்டரில் ரோமின் வெப்பநிலையை அடிக்கடி பார்ப்பேன். நான் பார்ப்பதால் அது குறையப் போவதில்லை, ஆனாலும் பார்ப்பேன்.

செப்டம்பரில் அண்ணை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் கறுத்திருந்தது. வெயில் ஏறுமுன் கோயில்களுக்குப் போவார்களாம், பகலில் அறையில் படுப்பார்களாம். பேதுரு கோயிலுக்கு மட்டும் அவர் பிடிவாதம் பிடித்து உச்சி நேரத்தில் போயிருக்கிறார். அதைச் சொல்லும்போது அக்காவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. "மயங்கி விழப் பாத்தவர்" என்றார்.

அந்தக் குளிர்காலத்துக்குள் மற்றக் கண்ணும் போய்விட்டது என்று பிறகு அறிந்தேன். அன்று கடையில் அவர் எனக்கென்று வாங்கி வந்த செபமாலையைக் கவுண்டரில் வைத்துவிட்டுச் சொன்னார்: "வெயில் கூடத்தான் தம்பி, ஆனா பேதுரு கோயில்ல மேல சன்னலுக்குள்ளால அவ்வளவு வெளிச்சம் வந்தபடியால்தான் கூரையில இருந்த படமெல்லாம் எனக்குத் தெரிஞ்சது."

இத்தனை பேருக்கு மாதம் சொல்லிக் கொடுத்த நான் அந்தக் கடையை விடும்வரை ரோமைப் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் நல்லதென்று சொன்ன மாதங்களில் ஒன்றிலும் முதலாளி எனக்கு லீவு தந்ததில்லை.