அப்பாவுக்குக் கொண்டுபோன நிலா

இன்று ஊறுகாய்க்கு வினிகரைத் திறந்ததும், அண்ணன் இருட்டறையாக்கிப் படம் கழுவிய எங்கள் சமையலறையின் அதே அமில நெடி வந்தது. அதன் பின்னாலேயே, இப்போது புறவழிச்சாலைக்கு அடியில் போய்விட்ட வலங்கைமான் வீட்டுக் கொல்லையும், அதன் வாய்க்கால் தவளைகளும் ஈர வைக்கோல் வாசமும் வந்தன. கூலி உயர்வு கேட்டுப் போராடிய அப்பா அப்போது சிறையில் இருந்தார். கல்லூரியில் படித்த அண்ணன் பூதக்கண்ணாடி வில்லைகளையும் தகரக் குழாயையும் கொண்டு தொலைநோக்கி ஒன்று செய்து, இரவல் கேமராவை அதன் வாயில் பொருத்தி, வளர்பிறை நிலாவைச் சாயங்காலம்தோறும் படமெடுத்தான். வயலிலிருந்து சேற்றுக்காலோடு வரும் அம்மா பார்த்துக்கொண்டு நிற்பாள்.

எல்லாப் படங்களும் கலங்கிப்போக, ஒன்று மட்டும் மேடுபள்ளத்தோடு தெளிவாக விழுந்தது. கல்லூரிக் கண்காட்சியில் வைக்க அண்ணன் அதைப் பத்திரப்படுத்தினான்.

"தம்பி, அத எங்கிட்ட குடு. அங்க ஜெயில்ல பொழுது சாயறதுக்குள்ள உள்ள வச்சுப் பூட்டிடுறாங்களாம். உங்கப்பா நிலாவப் பாத்தே மாசக்கணக்காச்சு," என்றாள் அம்மா அண்ணனிடம்.

அண்ணன் படத்தை எடுத்துக் கொடுத்தான்.

சிறையில் அம்மா கொடுத்த படத்தைக் காவலர் புரட்டிப் பார்த்துவிட்டுக் கம்பிக்கு அந்தப்பக்கம் நீட்டினார். அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்கேந்து எடுத்தது?"

"நம்ம கொல்லையிலேந்துதாங்க. பெரியவன் எடுத்தான்," என்றாள் அம்மா.

அப்பா பக்கத்தில் நின்ற தோழரின் தோளைத் தொட்டு, படத்தைக் காட்டிச் சொன்னார்: "பாருங்க, எங்க வீட்டுக் கொல்லை."